பின்னால் போன முதல் கியர்

சர்வேயர் அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் வழக்கமாக நசுங்கிய வண்டியின் படத்தோடுதான் வருவார்கள். அன்று மாலை வந்தவளிடம் படம் எதுவும் இல்லை. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. தையல் மிஷினிலிருந்து எழுந்தவள் அப்படியே கிளம்பி வந்திருக்கிறாள்.

"என் வீட்டுக்காரர் நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்குப் போறாரும்மா. நான்தான் ஜீப்ப ரிவர்ஸ்ல போட்டு அண்ணன் கால நசுக்கினேன்னு எழுதிக் கொடுக்கப் போறாராம். போட்டது முதல் கியர்னு இத்தனை நாளா தலையில அடிச்சு சத்தியம் பண்ணவரு. இப்ப அவருக்கே அவர் மேல நம்பிக்கை போயிடுச்சு."

மோதிய வண்டியைப் பார்த்து யார் மேல் தப்பு என்று காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்வதுதான் சர்வேயர் அம்மா பார்த்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை விடுவதாக இல்லை. அவருடைய கணவர் வங்கியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தே தலை நரைத்தவர். வெளியே வந்ததும் ஒரு கேமராவை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அதோடு, பார்க்கிற எல்லார் மேலும் சந்தேகப்படும் குணமும் ஒட்டிக்கொண்டது.

"கொலை முயற்சி!" என்றார் கணவர், சமையலறை வாசலிலிருந்து.

"ஏங்க, முதல்ல அந்தப் பொண்ணு உட்காரட்டும். தண்ணி கொண்டாங்க."

தையல்காரி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து பட்டறை நடத்துகிறார்கள். கீழே பட்டறை, மாடியில் இரண்டு குடும்பம். தெருவே அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றுதான் கூப்பிடும். காடு மேடு ஏறுகிற பழைய ஜீப் ஒன்றை வாங்கி, பழைய வண்டிக்காரர்கள் நடத்தும் மலைப் பந்தயத்துக்குத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார்கள். வண்டியின் சொந்தப் பெட்ரோல் இன்ஜின் விரிசல் விட்டுப் போயிருந்தது. வேறு இன்ஜின் வைக்கலாம், ஆனால் அது அந்த வண்டி பிறந்த காலத்தைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும் என்பது பந்தய விதி. அதே பெட்ரோல் இன்ஜினை ஒட்டவைத்து ஓட்டலாம் என்றார் பெரியவர். அதே காலத்துச் சரக்கு வேனிலிருந்து டீசல் இன்ஜினை எடுத்து வைக்கலாம், மேட்டில் இழுவை கிடைக்கும் என்றார் சின்னவர். இதற்காக இருவரும் போட்ட சண்டை தெருக்கோடி வரை கேட்டது. கடைசியில் பெரியவர்தான் இறங்கி வந்தார். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் தகட்டை அவரே கடைசலில் கடைந்து கொடுத்தார்.

"அன்னைக்கு இன்ஜின ஸ்டார்ட் பண்ற செல்ஃப் மோட்டார் காயில் கட்டுற கடையில இருந்துச்சு. இவரு வாங்கப் போனாரு. இன்னும் ரெடியாகலைன்னு வெறுங்கையோட திரும்பி வந்தா இங்க இன்ஜின் ஓடிட்டிருக்கு. மாமா, அதான் இவரு அண்ணன், பொறுக்க மாட்டாம வண்டிய உருட்டி ஸ்டார்ட் பண்ணிட்டாரு. ஏறுடா, முதல் ஓட்டம் உன்னோடதுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு வண்டிக்குப் பின்னால போயிருக்காரு. இவரு ஏறி, முதல் கியர் போட்டு, கிளட்ச விட்டதும் வண்டி பின்னால பாஞ்சிடுச்சு. பின்னால சுவரு. நடுவுல மாமா."

அவள் நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டாள். "முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்கம்மா."

"பார்த்தவங்க உண்டா?"

"மாமா வீட்டு அக்கா மாடி ஜன்னல்ல இருந்து பார்த்தாங்க. மாமா அலறின பிறகும் இவரு ஆக்சிலேட்டர மிதிச்சாருன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்றாங்க. கொலைகாரன்னு வாய் நிறைய சொல்றாங்க."

கணவர் மனைவியின் காதருகே குனிந்தார். "அலறின பிறகும் மிதிச்சானா? அப்ப முடிஞ்சுது."

"அவர் என்ன சொல்றார், மிதிச்சேன்னு ஒத்துக்கறாரா?" என்று தையல்காரியைக் கேட்டார் சர்வேயர் அம்மா.

"ஒத்துக்கறாரு." தையல்காரியின் குரல் இறங்கியது. "அதக் கேட்டப்புறம் ஒரு ராத்திரி நானே நம்பிட்டேம்மா. ஒருவேளை கோவத்துல பண்ணியிருப்பாரோன்னு. பக்கத்துல படுத்துக்கிட்டே நெனச்சேன். அந்தப் பாவம் என்னைத் தூங்க விடல. அதான் வந்தேன்."

சர்வேயர் அம்மா எழுந்து செருப்பைத் தேடினார். "வாங்க, இருட்டறதுக்குள்ள வண்டியப் பார்த்துடலாம்."

பட்டறை வாசல் தெரு மட்டத்தில் இருந்தது. உள்ளே போகப் போகத் தரை சரிந்து இறங்கி, கொட்டகைச் சுவரில் போய் முடிந்தது. சரிவின் நடுவில் தார்ப்பாய் மூடிய ஜீப் நின்றது. சக்கரங்களுக்கு அடியில் கல் வைத்திருந்தார்கள். சின்னவர் ஒரு காலி டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், ஆனால் பார்ப்பவர்களுக்கு அந்த உயரம் தெரியாதபடி குறுகிப்போயிருந்தார்.

"ஒண்ணும் பார்க்க வேணாம்மா," என்றார் அவர். "நான்தான் பண்ணேன். டீசல்தான் வேணும்னு அடம் பிடிச்சவனும் நான்தான்."

"சரி, நீங்கதான் பண்ணீங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அன்னைக்கு நீங்க மோட்டார் வாங்கப் போனப்ப ஜீப் எங்க நின்னுது?"

"வாசல் பக்கத்துல. மூஞ்சி ரோட்டப் பார்த்து."

"திரும்பி வந்தப்ப?"

"இந்தக் கொட்டகைகிட்ட, சுவத்துக்குக் கொஞ்சம் முன்னால. மூஞ்சி அதே பக்கம்தான்."

"ஏறி உட்கார்ந்ததும் என்ன பார்த்தீங்க?"

சின்னவர் யோசித்தார். "ஆயில் லைட் சிவப்பா எரிஞ்சுது. ரொம்ப வருஷம் தூங்கின இன்ஜின், எண்ணெய் ஏற கொஞ்ச நேரமாகும்னு விட்டுட்டேன். முன்னால பயங்கரப் புகை. பானெட் இடுக்கெல்லாம் புகை. முதல் தடவ ஓடுது, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

கணவர் அதற்குள் கியர் கம்பியைப் பல கோணங்களில் படம் பிடித்துவிட்டார்.

"அத எடுத்து என்ன பண்றது?" என்றார் சர்வேயர் அம்மா. "பெரியவர மீட்க வந்தவங்க நியூட்ரல் பண்ணிட்டுதான் வண்டிய முன்னால தள்ளியிருப்பாங்க. அந்தக் கம்பி இனிமே யாருக்கும் சாட்சி சொல்லாது." பிறகு சின்னவர் பக்கம் திரும்பினார். "அன்னையிலிருந்து பானெட்ட யாராவது திறந்தீங்களா?"

"இல்ல. வண்டியத் தொடவே வேணாம், அப்படியே எடைக்குப் போட்டுடுன்னு அண்ணன் சொல்லிட்டார். இந்த வாரம் லாரி வருது."

சர்வேயர் அம்மா பானெட்டைத் திறந்தார். அதன் உள்பக்கம் புதிதாக வெளிர் மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார்கள். இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டருக்கு நேர் மேலே மட்டும் அந்த வண்ணம் கரிச்சட்டியின் அடி மாதிரி கறுத்திருந்தது. ஃபில்டர் மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே இருக்கவேண்டிய எண்ணெய் சுற்றுப்புறமெல்லாம் தெறித்துக் கிடந்தது. கிண்ணம் முழுக்கக் கரி.

அவர் வண்டியின் பின்பக்கம் போய், குனிந்து, சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரலில் கொஞ்சம் துரு இருந்தது. கரி இல்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வளைந்த கம்பி ஒன்று கேட்டார். கம்பியை விட்டு இழுத்தபோது குழாயின் ஆழத்திலிருந்து ஒரு நீலக் கட்டம் போட்ட துணி வந்தது.

"அண்ணன் கைத்துணி," என்றார் சின்னவர்.

"பார்த்தியா!" கணவர் துள்ளினார். "யாரோ சைலன்சர அடைச்சிருக்காங்க. பின்னால வழியில்லாத புகை முன்னால வந்திருக்கு. வேணும்னே செஞ்ச சதி!"

"அடைச்சிருந்தா இன்ஜின் மூச்சு முட்டி நின்னிருக்கும். இது ஓடியிருக்கு, சுவத்துல ஒரு மனுஷன நசுக்கற அளவுக்கு ஓடியிருக்கு. துணியப் பாருங்க. திணிச்ச துணி உருண்டையா இருக்கும். இது நீளமா, நுனி முன்னால போயிருக்கு. இழுபட்டுப் போன துணி இது." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "மாடிக்குப் போகலாம். எல்லாரும் வரணும்."

மாடியில் பெரியவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் பாதியிலேயே தட்டையாகவும் கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க எல்லாரும் சுவரையே பார்த்தார்கள். அவருடைய மனைவி கட்டிலின் தலைமாட்டில் காவல் மாதிரி நின்றாள். சின்னவர் அறைக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். தையல்காரி அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இவங்க எதுக்கு?" என்றாள் பெரியவரின் மனைவி. "நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன். இவர் அலறினார். அந்த அலறல் கேட்டப்புறம் இன்ஜின் இன்னும் பெருசா உறுமிச்சு. அது போதாதா?"

"நீங்க பார்த்தது அத்தனையும் உண்மை," என்றார் சர்வேயர் அம்மா. "ஒண்ணு மட்டும் உங்ககிட்ட கேக்கணும். புகை எங்கேருந்து வந்துது?"

"முன்னால இருந்து. பானெட்லேருந்து."

"பின்னால?"

அவள் யோசித்தாள். "பின்னால புகையே இல்ல. இவர் குனிஞ்சு எதையோ பார்த்துக்கிட்டிருந்தது நல்லாத் தெரிஞ்சுதே."

சர்வேயர் அம்மா பெரியவரைப் பார்த்தார். "ஐயா, வண்டிய உருட்டி ஸ்டார்ட் பண்ணப்ப எந்த கியர்ல போட்டு கிளட்ச விட்டீங்க?"

"ரிவர்ஸ்," என்றார் பெரியவர், கேள்வி முடியும் முன்பே.

அறையில் மற்ற யாருக்கும் அந்தக் கேள்வி புரியவில்லை. கணவருக்கும் புரியவில்லை, ஆனாலும் முக்கியமான கேள்வி என்று தோன்றியதால் தலையை ஆட்டினார். சர்வேயர் அம்மா தையல்காரியிடம் திரும்பினார்.

"உன் மிஷின் கால்ல மிதிக்கறதுதானே? மிதிக்க ஆரம்பிக்கறப்ப கைச்சக்கரத்த முன்பக்கமா ஒரு தள்ளு தள்ளுவே. மறந்துபோய்ப் பின்பக்கமா தள்ளிட்டா?"

"பின்பக்கமாவே சுத்தும்மா. எவ்வளவு மிதிச்சாலும் பின்பக்கமாவே சுத்தும். நூல் சிக்கி அறுந்துடும்."

"பழைய டீசல் இன்ஜினும் அப்படித்தான். பெட்ரோல் இன்ஜினுக்குப் பொறி வேணும். அந்தப் பொறி சரியான நேரத்துல விழணும். தப்புப் பக்கமா சுத்தி விட்டா ரெண்டு தடவ இருமிட்டு நின்னுடும். டீசலுக்குப் பொறி கிடையாது. காத்த நெருக்கினா போதும், எரிஞ்சுடும். எந்தப் பக்கம் சுத்தி விடறோமோ அந்தப் பக்கமே ஓட ஆரம்பிச்சுடும். அப்படித் தலைகீழா ஓடுனா, புகை போற வழியா காத்து உள்ள வரும், காத்து வர்ற வழியா புகை வெளிய போகும். அதனாலதான் ஃபில்டர்ல கரி, சைலன்சர்ல சுத்தம். ஆயில் பம்பும் தலைகீழா சுத்தும், எண்ணெய் ஏறாது. சிவப்பு லைட் அணையாது. சைலன்சர்கிட்ட நீட்டின கைத்துணிய அந்தக் குழாய் உறிஞ்சி இழுத்துக்கிச்சு."

சின்னவர் வாசற்படியை விட்டு ஓர் அடி உள்ளே வந்தார். "இன்ஜின் தலைகீழா ஓடுனா..."

"முதல் கியர் போட்டா வண்டி பின்னால போகும். நீங்க போட்டது முதல் கியர்தான்."

 தையல்காரி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இப்ப சொல்லுங்க," என்றார் சர்வேயர் அம்மா சின்னவரிடம். "அண்ணன் அலறினப்ப ஏன் மிதிச்சீங்க?"

"முன்னால எடுக்க," என்றார் அவர்.  "முதல் கியர்ல இருக்கு, மிதிச்சா முன்னால போயிடும், அண்ணன விட்டுடும்னு... இன்னும் மிதிச்சேன்."

சர்வேயர் அம்மா பெரியவரின் மனைவியைப் பார்த்தார். "ரிவர்ஸ்ல இருக்குன்னு தெரிஞ்சவன் பயந்து கால எடுப்பான். முதல் கியர்ல இருக்குன்னு நம்பினவன்தான் காப்பாத்தறதுக்கு மிதிப்பான். இவர் கொலைகாரர்ங்கறதுக்கு நீங்க சொன்ன சாட்சிதான் இவர் போட்டது முதல் கியர்ங்கறதுக்கும் சாட்சி."

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "நான் தெரு பூரா சொல்லிட்டேனே," என்றாள். 

"அப்ப தப்பு யார் மேல?" கணவரால் பொறுக்க முடியவில்லை. "இன்ஜின் ஏன் தலைகீழா ஓடுச்சு?"

சர்வேயர் அம்மா கட்டிலைப் பார்த்தார். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மற்றவர்களை வெளியே அனுப்பி, கட்டிலில் இருப்பவரிடம் தனியாகப் பேசியிருக்கலாம். அந்த எண்ணம் அவருக்கு வந்தது. ஆனால் வாசலருகே நின்ற மனிதர் நாளைக் காலையில் ஸ்டேஷனுக்குப் போவதாக இருந்தார்.

"வாசல்ல ரோட்டப் பார்த்து நின்ன வண்டிய ஒரு ஆள் தனியா உருட்டணும்னா, சரிவுல பின்னால மட்டும்தான் உருட்ட முடியும். பின்னால உருளும்போது ரிவர்ஸ் போட்டுக் கிளட்ச விட்டா இன்ஜின் நேராச் சுத்தும். ஆனா உருட்டி ஸ்டார்ட் பண்றவங்க எல்லாரும் பழக்கத்துல ரெண்டாவது கியர்தான் போடுவாங்க. வண்டி முன்னால உருள்றப்ப அது சரி. பின்னால உருள்றப்ப ரெண்டாவது போட்டா இன்ஜின் தலைகீழாத்தான் சுத்தும். வாழ்நாள் பூரா பெட்ரோல் வண்டியே பார்த்த கை அது. பெட்ரோல்ல இந்தத் தப்பப் பண்ணா வண்டி நின்னுடும், அவ்வளவுதான். அதனால அந்தக் கைக்கு பயம் பழகல."

பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது மறதி. யாருக்கும் வரும். இதுக்காக உங்கள யாரும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா நான் கியர் கேட்டதும், அது எதுக்குன்னு நீங்க திருப்பிக் கேக்கல. கேள்வி முடியறதுக்கு முன்னாலயே சரியான பதிலச் சொன்னீங்க. பானெட்டத் திறக்காமலே வண்டிய எடைக்குப் போடச் சொல்லியிருக்கீங்க. கால் போன மனுஷன் தம்பிகிட்ட ஒரே ஒரு தடவையாவது, ஏன்டா ரிவர்ஸ் போட்டேன்னு கேட்டிருக்கணும். கேட்டாரா?"

கடைசிக் கேள்வி சின்னவருக்கு. அவர் இல்லை என்று தலையசைத்தார்.

பெரியவர் தம்பி பக்கம் திரும்பினார். "ரெண்டாவதுதான் போட்டேன். அப்பத் தெரியல. இன்ஜின் ஓடுன சந்தோஷத்துல எதுவும் தெரியல. பின்னால போய்ப் பார்த்தா புகையக் காணோம். துணிய நீட்டினேன், வெடுக்குனு பிடுங்கிச்சு. ஐயய்யோன்னு நெனச்சு நிமிர்றதுக்குள்ள வண்டி வந்துடுச்சு."

"எப்பலேருந்து தெரியும்?" என்றார் சின்னவர்.

"ஆஸ்பத்திரில கண்ணத் தொறந்தப்பவே."

பெரியவரின் மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. "நான் கண்ணத் தொறக்கறதுக்குள்ள இவ எல்லார்கிட்டயும் சொல்லி முடிச்சிட்டா. ஊரே அவன்தான்னு பேசுது. கால் போயிடுச்சு, அதுக்கு யாராவது ஒருத்தர் காரணமா இருக்கணும். அது நானா இருக்க வேணாம்னு தோணிச்சு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... ஸ்டேஷன் வரைக்கும் போவான்னு நான் நெனைக்கலடா."

சின்னவர் கட்டிலின் அருகே வந்தார். அடிப்பாரோ, கட்டிப்பிடிப்பாரோ என்று தெரியாமல் சர்வேயரின் கணவர் கேமராவைக் கீழே இறக்கினார். சின்னவர் இரண்டும் செய்யவில்லை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில என் கையப் பிடிச்சு, விடுடா, உன்ன மன்னிச்சுட்டேன்னு சொன்னியேண்ணே," என்றார். "எவ்வளவு பெரிய மனசுன்னு நெனச்சு நான் மாடிப்படியில உட்கார்ந்து அழுதேன். தினமும் அழுதேன். இப்படிப்பட்ட அண்ணன் கால எடுத்துட்டோமேன்னு. எதுக்குண்ணே என்னை மன்னிச்சே?"

பெரியவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.  கையை எடுக்காமலே, "நாளைக்கு ஸ்டேஷனுக்கு நான் வரேன்," என்றார். "நான் சொல்றேன். உன் மேல ஒண்ணுமில்லேன்னு நானே எழுதிக் கொடுக்கறேன்."

"நான் தூக்கிட்டுப் போறேன்," என்றார் சின்னவர். "நாளைக்கும் தூக்கறேன், என்னைக்கும் தூக்கறேன். ரெண்டாவது தடவ மிதிச்சது என் கால்தான், அத நான் மறக்க மாட்டேன். ஆனா உன்ன மன்னிச்சுட்டேன்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதே. உன்ன மாதிரி அவ்வளவு சீக்கிரம் எனக்குச் சொல்ல வராது."

பெரியவர் சரி என்று தலையை ஆட்டினார். மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.